பெரியவரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் முன் பெட்டியைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தை நாள் தவறாமல் பார்க்கிறவர்கள் எழுதும் கடிதம் இது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஒரு பெரியவர் காலமானால் அறிவிப்பு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். உச்சியில் ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன்’ வசனம். நடுவில், ஆதார் அட்டைக்கு எடுத்த முகத்துக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்ட படம். கீழே மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி. ஒவ்வொருவர் பக்கத்திலும் பட்டம், அதன் பக்கத்தில் இருக்கும் நாடு. எண்பது தொண்ணூறு வருஷம் வாழ்ந்த மனிதரைப் பற்றி அதில் இருக்கும் ஒரே செய்தி, அவர் இறந்துபோனார் என்பதுதான்.

விளம்பரத்துக்குச் சதுர செ.மீ. கணக்கில் காசு. அங்கே இடமில்லை என்றால் புரிகிறது. காசே கேட்காத இடத்திலும், அதாவது அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பிலும், இதே கதைதான் நடக்கிறது. ‘சபையின் தூண்’, ‘ஜெபவீரர்’, ‘ஏழைகளின் நண்பர்’. பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் அடுத்த தெருவுக்கும் பொருந்தும். துக்க வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மகன் விமான நிலையத்தில் உட்கார்ந்து போனில் தட்டுவதும், உள்ளூர் மகள் அழுதுகொண்டே சொல்வதும் சேர்ந்ததுதான் அந்தக் காகிதம். ஆதாரம் வீட்டிலும் கோயிலிலும் கிடக்கிறது. எங்கே, எப்படி எடுப்பது என்றுதான் தெரிவதில்லை. பெரியவர் படுக்கையில் விழும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. தவறியவர்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குள்ளாவது செய்யலாம்.

முதலில் ஞானஸ்நானப் பதிவேடு. நெல்லைச் சபையின் கதையே ஒரு பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறது: 1780இல் பாளையங்கோட்டையில் எழுதிய அந்தப் பட்டியலில் 40 பேர், முதல் பெயர் அந்தச் சபையைத் தொடங்கிவைத்த கிளாரிந்தா. அந்த வழக்கம் இன்றுவரை அறுந்துபோகவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த நாள், பிறந்த நாள், பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், தகப்பனின் தொழில், கொடுத்த குருவானவரின் கையெழுத்து ஆகியவற்றுக்கு அதில் கட்டம் உண்டு. பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைவிட இது நம்பத்தக்கது. அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வலது கை தலைக்கு மேலே போய் இடது காதைத் தொட்டதா என்று பார்த்துவிட்டு, ஜூன் மாதத்தில் ஐந்து வயது முடியும்படி வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். தாத்தாவின் பிறந்தநாள் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வந்தால் சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

தேடப் போகிறவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள் உண்டு. சொந்த ஊர்க் கோயில் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிடுவார்கள். கிளைச்சபைகளின் பதிவு பெரும்பாலும் சேகரத்தின், அதாவது ஒரே குருவானவரின் கீழ் வரும் சபைகளின், தலைமை இடத்தில் இருக்கும். அந்த ஊர் இன்று இருக்கும் சேகரத்திலேயே அன்றும் இருந்தது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. சபை வளர வளரச் சேகரங்கள் பிரிந்துகொண்டே வந்தன. 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து (பிஷப்பின் ஆளுகைப் பகுதி) தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமே பிரிந்தது. கொள்ளுத்தாத்தா காலத்துக்குப் போனால் வேறொரு கோடு குறுக்கே வரும், இரண்டு ஆங்கிலேய மிஷனரிச் சங்கங்களின் எல்லைக்கோடு. நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. மிஷன், மெஞ்ஞானபுரம், பண்ணைவிளை, டோனாவூர் சி.எம்.எஸ். மிஷன். 1896இல் மார்லி அத்தியட்சர் (பிஷப்) வந்த பிறகுதான் இரண்டுக்கும் சேர்த்து நெல்லைக்கென்றே தனி அத்தியட்சர் ஒருவர் கிடைத்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்களாகவே இருந்தாலும் பதிவேடு வேறு வேறு மிஷன் பங்களாவில் இருந்திருக்கும்.

இன்னொன்று, மூத்த பிள்ளை என்றால் தாயின் ஊரில் தேடுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். குழந்தையை அங்கேயே கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டுதான் பல பெண்கள் புருஷன் வீட்டுக்குத் திரும்பினார்கள். தம்பி தங்கைகளின் பெயரெல்லாம் வரிசையாகக் கிடைத்து மூத்தவர் பெயர் மட்டும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் முக்கால்வாசி இதுதான். பிறந்த மாதத்தோடு தேடலை நிறுத்தவும் கூடாது. குருவானவர் சுற்றுக்கு வரும் நாளைப் பொறுத்து அடுத்த ஒன்றரை வருஷம் வரை தள்ளிப்போயிருக்கலாம்.

பதிவேட்டை நீங்களாகப் புரட்டாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், உத்தேசமாக நாலைந்து வருஷ இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குருவானவரிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கேட்டால் யாருக்கும் நேரமிருக்காது. வாரநாள் சாயங்காலம் தோது. போட்டோ எடுக்க அனுமதி கிடைத்தால் பிளாஷ் போடவேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவது, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது, ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று லேமினேஷன் செய்வது ஆகிய மூன்றும் கறையானைவிட மோசம். கறையான் ஒரு மூலையைத்தான் தின்னும். லேமினேஷன் செய்த தாளைத் திரும்பப் பிரிக்கவே முடியாது, உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே இருந்து மையைப் பரப்பும்.

பழைய கையெழுத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழகவேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை தூக்கி நிற்கும். றா, னா, ணா சுழித்துக்கொண்டு வேறு எழுத்துபோலத் தெரியும். இன்னும் பின்னால் போனால் புள்ளி இருக்காது, குறில் நெடில் கொம்புக்கு வித்தியாசமும் இருக்காது. தமிழ் எண்ணில் தேதி போட்டிருந்தால் ௮ என்பதை ‘அ’ என்றும், ௭ என்பதை ‘எ’ என்றும் வாசித்துவிட்டு முன்னெழுத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது எட்டும் ஏழும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து உறவானால் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) வரும். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். 1110 ஐப்பசி என்றால் 1934. அதே 1110 மாசி என்றால் 1935. ‘தொண்ணூற்று ஒன்பது வெள்ளத்தின்போது கைக்குழந்தை’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது 1099, அதாவது 1924 ஜூலை. 1999 என்று எழுதி அச்சுக்கே கொடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

முன்னெழுத்துத் தகராறு தனி. தோர்ணக்கல் பிஷப்பாக இருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் ‘வே’ தகப்பன் பெயர், ‘சா’ அவருடைய சொந்தப் பெயர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரண்டு எழுத்தும் ஞானஸ்நானத்தில் வந்தவை: ஹென்றி ஆல்பிரட். ஆகவே தாத்தா பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருந்தால் ‘ஊர், தகப்பன்’ என்று விரித்துவிடாதீர்கள். ஞானஸ்நானப் பெயர், பள்ளிக்கூடப் பெயர், ஊர் கூப்பிட்ட பெயர் மூன்றையும் குறிப்பில் எழுதவேண்டும். ஊருக்குள் ‘தங்கையா’ என்றே அறியப்பட்டவரைச் சான்றிதழ் பெயரில் அறிவித்தால், பக்கத்து ஊர்க்காரருக்கே யார் இறந்தது என்று தெரியாது. போகிறபோக்கில் ஒன்று: மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது எந்த எழுத்துக்கூட்டு கொடுக்கிறீர்களோ அதுதான் பிறகு வாரிசுச் சான்றிதழ் வரை ஓடும். ஆதாரிலும் பத்திரத்திலும் இருப்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தொழில் கட்டத்தில் ‘பனையேறி’ என்று இருக்கும். அதைத்தான் குடும்பங்கள் முதலில் மறைக்கின்றன. ‘விவசாயப் பின்னணி’ என்று பூசிவிடுகிறார்கள். பனை ஏறியவரின் மகன் வாத்தியாராகி, அவர் மகன் அமெரிக்கா போனதுதான் அந்த வீட்டின் சரித்திரம். முதல் படியை எடுத்துவிட்டால் மீதி ஏணி அந்தரத்தில் நிற்கும். விடியும் முன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரம் ஏறிய மனிதர் பதநீர்க் காலம் முழுக்க எந்த ஆராதனைக்கு வந்தார், எதற்கு வரமுடியவில்லை என்பதை அறிந்தால் அவருடைய பக்தி எப்படிப்பட்டது என்று தனியாக எழுதவேண்டியதில்லை.

இனி வீட்டுப் பெட்டி. பெரியவரின் வேதாகமத்தை எடுத்து அட்டைக்கு உள்பக்கம் பாருங்கள். பிள்ளைகள் பிறந்த நாள், நேரம், கிழமை எழுதியிருப்பார். எல்லா வரியும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு என்றால் ஒரே நாளில் நினைவிலிருந்து எழுதியது. அதைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்கவேண்டும். ஒவ்வொரு வரியும் வேறு வேறு மையில் இருந்தால் அந்தந்த நேரத்தில் எழுதியது, கண்ணை மூடி நம்பலாம். கிழமை எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாள்காட்டியில் பார்த்தாலே தப்பு மாட்டிக்கொள்ளும். ஓரங்களில் பென்சிலால் சின்னத் தேதிகள் இருக்கும். அவை அன்று பிரசங்கம் எடுத்த வசனமாகவோ, வேதாகமத்தை எத்தனையாவது தடவை முடித்தார் என்ற கணக்காகவோ இருக்கலாம். அந்த வேதாகமத்தைச் சவப்பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்துவிடுகிற வீடுகள் உண்டு. வைப்பதானால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கக் காணிக்கை ரசீது, ஸ்தோத்திரப் பண்டிகை நோட்டீஸ், அசன (சபையின் பொது விருந்து) வரவுசெலவு, கன்வென்ஷன் அழைப்பிதழ் எல்லாம் ஒரு ரப்பர் பேண்டில் கிடக்கும். பழைய காகிதம் என்று எடைக்குப் போடும் கட்டு இதுதான். 1957 ஏப்ரலுக்கு முந்தைய ரசீதில் 2–8–0 என்று இருந்தால் இரண்டு ரூபாய் எட்டணா. அதாவது இரண்டரை ரூபாய். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓரணா. நெல் காணிக்கை கோட்டை, மரக்கால் கணக்கில் இருக்கும். நம் பக்கத்துக் கோட்டைக்கு 21 மரக்கால். ‘தாராளமாகக் கொடுத்தார்’ என்ற வரியைவிட ‘மாதச் சம்பளம் இவ்வளவு இருந்த வருஷத்தில் கோயில் மணிக்கு இவ்வளவு கொடுத்தார்’ என்ற வரிக்குக் கனம் அதிகம். சம்பளம் அவருடைய பணிப்பதிவேட்டில் கிடைக்கும், காணிக்கை சபைக் கணக்கில் கிடைக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதுதான் வேலை.

பதவிகளையும் சரிபார்க்கவேண்டும். சபைத் தேர்தல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ‘முப்பது வருஷம் கமிட்டியில்’ என்றால் பத்துத் தடவை ஜெயித்திருக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் நாலைந்துதான் வரும். அதில் ஒரு குறைவும் இல்லை. பதினைந்து வருஷம் சபைக் கணக்கைக் கட்டிக்காப்பது லேசுப்பட்ட காரியமா?

பெரியவரின் தம்பி, தங்கை, கூடப் படித்தவர், கோயில்குட்டியார் (மணி அடித்துக் கோயிலைப் பராமரிப்பவர்) ஆகியோரைக் கேட்கும்போது ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ‘தங்கமான மனுஷன்’ என்பதோடு முடிந்துவிடும். நாளைப் பிடித்துக் கேட்கவேண்டும். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலன்று எங்கே இருந்தார்? 1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியபோது கோயிலில் யார் யாரைத் தங்கவைத்தார்கள்? கிறிஸ்துமஸ் கீதபவனியில் பெட்ரோமாக்ஸ் யார் தூக்கினது? அசனத்துக்கு அரிசி களைந்தது யார், கறி வெட்டும் இடத்தில் நின்றது யார், பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? கடைசிக் கேள்விக்குப் பதிலாகப் பல ஊர்களில் ஒரே ஒரு பெயர்தான் வரும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வயதானவர்கள் களைத்துவிட்டால் ‘ஆமா, ஆமா’ என்று எதற்கும் தலையாட்டுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதை மட்டும் நிச்சயமாக எழுதுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் முன்னோர் கல்லைப் படிக்க, கம்பி பிரஷும் ஆசிடும் எடுத்துப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். கடற்காற்றில் சுண்ணாம்புப் பூச்சு ஏற்கெனவே பொரிந்திருக்கும். தேய்த்தால் எழுத்தோடு உதிரும். வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். காலை ஏழு மணிக்கோ சாயங்காலம் ஐந்தரைக்கோ சாய்ந்த வெயிலில் பாருங்கள். இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து நிற்கும்.

புதுக் கல் வெட்டக் கொடுக்கும்போது போனில் அனுப்பிய வரியை நம்பாதீர்கள். யுனிகோடில் தட்டிய தமிழைப் பழைய டிடிபி மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். ‘பொன்னையா’வின் ஒற்றைக் கொம்பு ப–வுக்குப் பின்னால் போய் நிற்கும். வெட்டுகிறவர் கோட்டைத்தான் பார்ப்பார், எழுத்தைப் படிக்கமாட்டார். கல்லின் அளவுக்கே தாளில் பிரிண்ட் எடுத்து, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டாருக்குப் பெயர் மனப்பாடம் என்பதால் பிழை கண்ணில் படாது. கருங்கல்லில் விழுந்த தப்பை எபாக்சி போட்டு அடைத்தால் தழும்பு தெரிந்துகொண்டே இருக்கும்.

எழுதும்போது அளவு 400 சொல். நிதானமாக வாசித்தால் நாலைந்து நிமிஷம். அதற்கு மேல் போனால் கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். பிறந்த ஊர், படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் முதல் நூறு சொல்லுக்குள் முடியட்டும். பிள்ளைகளின் பட்டங்களுக்கு ஒரு வரி தாராளம். மீதி முந்நூறும் அவர் கை செய்த காரியங்களுக்கு. ‘ஆலயப் பணியில் ஆர்வமாக இருந்தார்’ என்பதை அடித்துவிட்டு, ‘முதல் மணி அடிக்கும் முன் வந்து ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுவார், இரண்டாம் மணிக்குள் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டிவிடுவார், சங்கீதம் வாசிக்க வேண்டியவர் வராவிட்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தானே எழுந்து போவார்’ என்று எழுதிப்பாருங்கள். கேட்கிறவர்களுக்கு ஆள் எதிரே நிற்பார். பிடித்த கீர்த்தனை எது என்பதோடு, அதை எந்தச் சுருதியில் தொடங்கி எங்கே மூச்சு வாங்குவார் என்பதும் ஊருக்குத் தெரியும். அதையும் எழுதலாம்.

சபைத் தகராறுகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். எந்தப் பெரியவருக்கும் ஒரு தேர்தல் சண்டை, ஒரு சுவர்த் தகராறு, இரண்டு வருஷம் கோயிலுக்குப் போகாமல் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போன கதை உண்டு. அடக்கத்தன்று வேண்டாம், குடும்பத்துக்கென்று வைக்கும் நீண்ட பிரதியில் தேதியோடு இருக்கட்டும், எதிராளி பெயர் வேண்டாம். அதை மறைத்தால், அவர் திரும்பி வந்து அதே எதிராளியின் பக்கத்தில் முழங்கால் போட்டு நற்கருணை வாங்கியதையும் மறைத்ததாகிவிடும்.

நீண்ட பிரதியை மூன்றாக எடுங்கள்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று சபை பீரோவுக்கு, ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு. போட்டோவின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்க முகத்தில் தெரியும். மெல்லிய பென்சில் நல்லது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் சட்டத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நினைவஞ்சலி விளம்பரத்துக்கு நீங்கள் கொடுக்கும் படிவத்தில் பிறந்த ஊருக்கு ஒரு வரியும், மனைவியின் பெயருக்கும் அவர் பிறந்த ஊருக்கும் ஒரு வரியும் சேர்க்கவேண்டும். மனைவி முன்பே காலமாகியிருந்தால் அவர் பெயர் அறிவிப்பில் வருவதே இல்லை. இத்தனைக்கும், அந்தப் பெரியவரின் பெயரில் சபைக் கணக்கில் வரவு வைத்த கைப்பிடி அரிசி அவர் கையால் அள்ளியது இல்லை. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், அரிசியைக் களையும் முன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டது அந்த அம்மாள். பிடிக்கு 45 கிராம் வைத்தாலும், நாளைக்கு இரண்டு உலை என்றால் மாதம் 2 கிலோ 700 கிராம். வருஷத்துக்கு 32 கிலோவுக்கு மேல். வீட்டில் அரிசி குறைந்த மாதங்களிலும் அந்தக் கலயத்தில் கை வைக்கமாட்டார்கள். கல்யாணப் பதிவேட்டில் அந்த அம்மாளின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சபை ஊழியர்கள் சிலர்,
நாசரேத் – மெஞ்ஞானபுரம் வட்டாரம்